வடாலா உப்பளங்களை வீட்டுமனைகளாகப் பிரிப்பது குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மும்பையில் எஞ்சியிருக்கும் சுமார் 5,300 ஏக்கர் உப்பள நிலங்களைக் கூறுபோட்டு வீடுகள் எழுப்பலாம் என்னும் யோசனை பல்லாண்டுகளாக எழுவதும் அடங்குவதுமாக இருந்து, 2024 செப்டம்பரில் காஞ்சூர், பாண்டுப், முலுண்டு ஆகிய இடங்களில் 255.9 ஏக்கரைத் தாராவி ஜனங்களின் மறுகுடியேற்றத்துக்கென மாநில அமைச்சரவை அங்கீகரித்ததோடு காரியரூபம் பெற்றுவிட்டபடியால், வடாலாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சங்கமாகிய நாங்கள், எங்கள் வாசலை ஒட்டிய உப்பளங்களைப் பற்றிய அபிப்பிராயத்தை இப்பொழுதே பகிரங்கமாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அவை மனைகளாகப் பிரிக்கப்படலாகாது.

ஏழைக்கு வீடு கிடைப்பதை ஆட்சேபிப்பவர்களல்ல நாங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியின் தோல் பட்டறைகளில் உழைத்தவர்கள் எங்கள் உற்றார் உறவினர். அவர்களுக்கு நல்ல வீடு வேண்டும் என்பதனாலேயே தண்ணீர் தங்கும் பள்ளத்தில் அதைக் கட்டாதீர்கள் என்கிறோம்.

உப்பளம் தரிசு நிலமன்று. கடலேற்றத்தின்போது மதகைத் திறந்து உவர்நீரை உள்ளே வாங்கி, பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் சுண்டவைத்து, கோடையில் உப்பை வாரிக் குவிக்கிறார்கள். மழைக்காலம் பிறந்தால் உப்பு விளைச்சல் நின்றுபோகும்; ஆனால் பெருமழையும் கடலேற்றமும் ஒரே வேளையில் கூடி ஓடைகளின் வாய் அடைபடும்போது, வடியமாட்டாத வெள்ளத்தை ஏந்திக்கொள்வது அதே பாத்திகள்தாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை மறந்தவர் இங்கே யாருமில்லை. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீரில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து பழகியவர்கள் நாங்கள். உப்பளத்தை மண் கொட்டி மேடாக்கினால், அங்கே தங்கவேண்டிய நீர் எந்தத் தெருவுக்கு வரும் என்று எங்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

இம்மண்ணுக்குச் சரித்திரமும் உண்டு. ராஜாஜியின் தலைமையில் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய அதே 1930ஆம் ஆண்டில், வடாலா உப்பளங்களின்மீது சத்தியாக்கிரகிகள் மே மாதத்தில் தொடங்கிய படையெடுப்பு, ஜூன் 1 அன்று தொண்டர்களும் பொதுஜனங்களுமாகச் சுமார் 15,000 பேர் திரண்டு, பெண்களும் சிறுவர்களும்கூடச் சேற்றில் இறங்கி உப்பை வாரிச் சென்றதில் உச்சம் பெற்றது. பங்குபோட்டு வேலியடைத்த மனைகளுக்கிடையே அந்த இடத்தை நம் பேரப்பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

அவசரப் புனர்வாசத்தின் விளைவைச் செம்பூரை அடுத்த மாகுலில் கண்டோம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் அருகே குடியமர்த்தப்பட்டவர்கள் நச்சுக்காற்றினால் அவதியுற்று நீதிமன்றங்களின் படியேற நேர்ந்தது. தாராவியிலோ, மறுசீரமைப்புத் திட்டத்தின்கீழ், 2000 ஜனவரி 1க்குப் பின் குடியேறியவர்களும் மாடிகளில் வசிப்போரும் வெளியே அனுப்பப்படவிருக்கிறார்கள். ஏறத்தாழ 600 ஏக்கர் பரப்புள்ள தாராவியில், விற்பனைக்கான கட்டடங்களுக்கு இடம் ஒதுக்குமுன் இவர்களுக்கு இடம் ஒதுக்குவதே நியாயம்.

ஆகவே, வடாலா உப்பளங்களைப் பிரிக்காமல் வெள்ளம் தாங்கும் நிலமாகவும் 1930இன் நினைவிடமாகவும் காக்கும்படி மத்திய அரசையும் உப்பு ஆணையரையும் கோருகிறோம். ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட 255.9 ஏக்கரைப் பொறுத்தவரை, ஒரு லாரி மண்கூடக் கொட்டப்படுமுன், கடலேற்ற மட்டமும் வடிகால் கணக்கும் மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் வெளியிடப்பட்டு, அங்கே குடிபோகவேண்டியவர்களின் முன்னிலையில் பகிரங்க விசாரணை நடத்தப்பட வேண்டும்.