வாய்தா நாளும் விதவையின் விடாமுயற்சியும்

“சுவாமி, எங்கள் வழக்கைத் தள்ளிவிட்டார்கள், நியாயம் செத்துவிட்டது” என்று நம்மிடம் வந்து கண்ணீர் வடிப்போர் உண்டு. ஆர அமர விசாரித்தால், நீதிபதி அவ்வழக்கின் நியாயத்தை ஆராயவேயில்லை என்பது சில வேளைகளில் புலனாகும். வாய்தா நாளன்று டவாலி பெயர் சொல்லி அழைத்தபோது வாதியும் இல்லை, வக்கீலும் இல்லை. வழக்கு தள்ளுபடியாயிற்று.

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஒன்பதாம் கட்டளை இதனை வகுத்துரைக்கிறது. பிரதிவாதி வந்திருந்து வாதி வாராதிருப்பின், பிரதிவாதி ஒப்புக்கொண்ட பகுதி நீங்கலாக, வழக்கு தள்ளுபடியாகும். அதே காரணத்திற்காக வாதி மீண்டும் வழக்கிட இயலாது. பிரதிவாதி வாராதிருந்தாலோ, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகலாம். இது கொடுமையன்று. எதிர்க்கட்சியினரும் நம் அயலாரே; வேலையை விட்டு வந்து நிற்கும் அவரை எத்தனை நாள் காக்க வைப்பது?

எனினும் கதவு முற்றிலும் அடைபடுவதில்லை. தள்ளுபடியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதே நீதிமன்றத்தில் மனுச் செய்து, வாராமைக்குத் தக்க காரணம் காட்டினால், வழக்கு மீண்டும் ஏற்கப்படும். காலம் கடந்தால், தாமதத்தை மன்னிக்கும்படி தனி மனுவும் வேண்டும். அதனை ஏற்பது நீதிபதியின் முடிவைப் பொறுத்தது.

கட்சிக்காரர் ஒருவர் இறந்தால், 90 நாட்களுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுச் செய்யவேண்டும். தவறினால் வழக்கு அற்றுப்போகும். முப்பதாம் நாள் பூசைக்கு ஏற்பாடு செய்யும் துக்க வீட்டார், வக்கீலுக்கும் ஒரு சொல் சொல்லியனுப்புவார்களாக.

வக்கீலின் குறைக்குக் கட்சிக்காரர் துன்புறலாமா? 1981-இல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில், வக்கீல் வாராததால் தள்ளுபடியான மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் மீட்டளித்தது. தம் பங்கைச் செய்து முடித்தவர் வக்கீலின் பிழைக்காகத் துன்புறலாகாது என்பது அதன் கருத்து. ஆனால் ஆண்டுக்கணக்கில் வழக்கை எட்டிப்பாராதவருக்கு அத்தீர்ப்பு கேடயமாகாது.

லூக்காஸ் நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் காட்டும் ஏழை விதவையை நினைவுகூர்வோம். அவளுக்குப் பரிந்து பேச ஆளில்லை. நீதிபதியோ கடவுளுக்கும் அஞ்சாதவன். அவளிடமிருந்தது ஒன்றே: அவள் வந்துகொண்டேயிருந்தாள். செபத்திற்கு மாதிரியாக வைக்கப்பட்ட அவள், வழக்காடுவோருக்கும் நல்ல மாதிரியே.

நம் காலத்து விதவைக்கோ துணையும் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உதவி கிடைக்கும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். வழியிலேயே எதிரியோடு சமாதானம் செய்துகொள்ளச் சொன்ன ஆண்டவரின் அறிவுரைக்கு ஏற்ற இடமாக மக்கள் நீதிமன்றமும் இருக்கிறது. நிலுவை வழக்கு அங்குச் சமரசமானால், கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திருப்பித் தரப்படும். அம்முடிவுக்கு மேல்முறையீடு இல்லை.

ஆதலின் வழக்குள்ள குடும்பத்தார் வழக்கு எண்ணையும் அடுத்த வாய்தாவையும் ஒரு நோட்டில் குறித்து, வீட்டில் இருவராவது அறிந்திருக்கச் செய்வார்களாக. சமாதானத்தை முதலில் நாடுவோம். அது இயலாதபோது, அழைக்கும் நாளில் தவறாமல் போய் நிற்போம். நீதியின் தேவன் நம் குடும்பங்களைக் காப்பாராக.