எந்த விதி?

வல்லம் வடகாலில் அடுக்கடுக்காய் எழுந்து நிற்கின்றன மாடிகள். 706 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், 18,720 பெண் தொழிலாளர் தங்கவென்று சிப்காட் எழுப்பிய விடுதி. 2024 ஆகஸ்டு 17-இல் திறக்கப்பட்டது. வரவேற்கிறோம். தன் உழைப்பில் தான் வாழும் பெண்ணைக் காணத்தானே, 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தும் தொழிலும் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றிற்று!

ஆனால் தோழர்களே, அந்தப் பெண்ணுக்கு நாளை மணமாகும், மகவு பிறக்கும். அப்போது? அதே 2024-இன் ஜூன் திங்களில், திருப்பெரும்புதூர் அருகேயுள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான மகளிரை வேலைக்குச் சேர்ப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, ஒன்றிய அரசு தமிழ்நாட்டிடம் அறிக்கை கேட்டது. செய்தி மெய்யெனில், தாலி ஏறியதும் தகுதி இறங்கிவிடுகிறது என்று பொருள்! பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு விடை தேட மனமில்லாதார், கேள்வியையே வாயிற்படியில் நிறுத்திவிடுகின்றனர்.

சட்டம் இல்லையா? உண்டு. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டுமென்று 1948-இன் தொழிற்சாலைகள் சட்டமே கூறிற்று. 2017-இன் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 பேர் பணிபுரியும் இடத்திலெல்லாம் காப்பகம், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கும் உரிமை என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்தக் கடமை இருக்கிறது. காப்பகத்தருகே திறந்த சாக்கடையும் குழியும் கூடாதென்று 2018-இல் ஒன்றிய அரசு வழிகாட்டி நெறி வகுத்தது. வழிகாட்டி! வழியைக் காட்டும்; நடவாதவனைத் தண்டிக்காது.

2004 ஜூலை 16-ஐ மறந்தோமா? கோவில் நகரமெனப் புகழப்படும் கும்பகோணத்தில், பள்ளியின் சமையற்கூடத்துத் தீ ஓலைக் கூரைக்குத் தாவிற்று. குறுகிய படிக்கட்டு வழியே தப்ப இயலாமல் 94 பிஞ்சுகள் கருகின. விதி என்று பெருமூச்செறிந்தோர் பலர். ஆம், விதிதான்! கட்டட விதி, தீத்தடுப்பு விதி — ஏட்டில் உறங்கிய விதி. பிரமன் எழுதியதாகச் சொல்லும் விதியை எவரும் கண்டதில்லை; கோட்டையில் எழுதிய விதியோ அச்சிட்டே கிடக்கிறது. பத்தாண்டு கழித்து, 2014-இல், தஞ்சை நீதிமன்றம் பத்துப் பேரைத் தண்டித்தது, பதினொருவரை விடுவித்தது.

காப்பகத் திறப்பு விழாவில் ஓமத்தீ வளர்ப்பார்கள். தீயணைப்புக் கருவி எங்கே என்றால் விழிப்பார்கள். வாசலில் திருஷ்டிப் பூசணி தொங்கும். உள்ளே முதலுதவிப் பெட்டி இராது. பூசணி பிள்ளையைக் காக்குமா?

மழலையர் பள்ளிகளுக்கென 2015-இல் தமிழ்நாடு நெறிமுறைத் தொகுப்பு கண்டது. ஆலைச் சாலையோரத்து வாடகை அறையில் நடக்கும் காப்பகம் வரை அந்தக் கண்டிப்பு வந்து சேரவேண்டும் என்கிறோம். தரைத்தளம், வெளியேற இரண்டு வழி, நல்ல குடிநீர், பேணுவோரின் பின்புலச் சான்று: இவை இன்றி உரிமம் கூடாது. உரிமம் தந்தபின் முன்னறிவிப்பின்றி ஆய்வு வேண்டும். இரவு முறைக்குப் போகும் தாயும் இங்கே உண்டு. மாலையில் பூட்டிவிடும் காப்பகம் அவளுக்கு எதற்கு?

இளைஞர்களே! உங்கள் பகுதிக் காப்பகத்துக்குச் சென்று உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிடில், பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதுங்கள். கடைசியாக ஆய்வு நடந்த நாள் எது, ஆய்ந்த அலுவலர் யார் என்பதற்கு எழுத்து மூலம் விடை வாங்குங்கள்.