புள்ளி விழுந்த ஆப்பிளை ஒதுக்காதீங்க!

காய்ச்சலில் படுத்த மகனுக்காக ஆப்பிள் வாங்கப் போனேன். புள்ளி இல்லாததாகப் பொறுக்கியபோது பழக்காரர், "நீங்க இப்படிக் கேட்கறதாலதாம்மா தோட்டத்துல மருந்தா அடிக்கறாங்க" என்றார். சுருக்கென்றது.

உண்மைதானே! காஷ்மீர், இமாச்சல் தோட்டங்களில் 'ஸ்கேப்' என்ற பூஞ்சை நோய் வந்தால் பழத்தில் கரும்புள்ளி விழும். 1973-ல் காஷ்மீரில் இது கடுமையாகப் பரவியது. புள்ளி விழுந்தால் விலை போகாதே என்று, ஒரு பருவத்தில் பலமுறை மருந்து தெளிக்கிறார்கள். அதைச் சுவாசிப்பவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான்.

வெறும் தண்ணீரில் அலம்பினால் போதாது. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கால் மணி நேரம் ஊற வைத்தால், தோல் மேலுள்ள மருந்து பெரும்பாலும் போகும் என்று 2017-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்துச் சொன்னார்கள். தோலுக்குள் இறங்கியது போகாதாம்!

அதனால் 'ஜைவிக் பாரத்' முத்திரையுள்ள, இயற்கை முறையில் விளைந்த பழத்தைக் கேட்டு வாங்குவோம். விலை கூடத்தான், ஒரு கிலோவுக்குப் பதில் அரை கிலோ போதுமே. சின்னதாக, புள்ளியோடு இருந்தால் என்ன, சீவிவிட்டுச் சாப்பிடலாம். சகோதரிகளே, நாம் மாறினால்தானே தோட்டக்காரரும் மாறுவார்?

- ஒரு இல்லத்தரசி, திண்டுக்கல்.