போர்டை மாற்றினால் தராசு மாறுமா?

வியாபாரப் பெருமக்களே! எடை குறைவு என்று பெயர் கெட்டுப்போன ஒரு கடை. முதலாளி என்ன செய்கிறார்? பழைய போர்டை இறக்கிவிட்டுப் புதுப் போர்டு மாட்டுகிறார். சீரியல் பல்பு போடுகிறார். தராசு மட்டும் அதே தராசு! எத்தனை நாளைக்குக் கூட்டம் வரும்? உங்களுக்குத் தெரியாததா?

நம் நாட்டு ஹாக்கி நிர்வாகம் இதைத்தான் செய்து பார்த்தது.

ஒலிம்பிக் ஹாக்கியில் எட்டுத் தங்கம் வாங்கிய நாடு இது. எட்டாவது தங்கம் 1980 மாஸ்கோவில் கிடைத்தபோது அணித்தலைவர் நம் தமிழகத்தின் வாசுதேவன் பாஸ்கரன். முன்வரிசையில் முகம்மது ஷாஹிதும் ஜஃபர் இக்பாலும் ஆடினார்கள். அப்படிப்பட்ட நாடு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்குத் தகுதியே பெறவில்லை. எண்பது ஆண்டுகளில் அதுவே முதல் முறை. அதே ஆண்டு ஏப்ரலில், வீரரை அணியில் சேர்ப்பதற்குப் பணம் கைமாறுவதாக ஒரு தொலைக்காட்சி இரகசியக் கேமரா காட்சியை ஒளிபரப்பியது. செயலாளர் பதவி விலகினார். இந்திய ஒலிம்பிக் சங்கம் ஹாக்கி சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்தது.

2009இல் 'ஹாக்கி இந்தியா' என்று புது அமைப்பு வந்தது. புதுப் பெயர், புதுச் சின்னம்! நடந்தது என்ன? 2010 ஜனவரியில், டெல்லி உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருந்தபோது, தங்களுக்குச் சேரவேண்டிய பணம் கேட்டு வீரர்கள் புனே முகாமில் பயிற்சியைப் புறக்கணித்தார்கள். உழைத்தவனுக்குக் கூலி கொடுக்காத கடைக்குப் புதுப் போர்டு எதற்கு? 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 12 அணிகளில் நமக்குக் கிடைத்தது 12ஆம் இடம்.

பிறகு நிலைமை மாறியது உண்மைதான். 2018இல் ஒடிசா அரசு ஆண், பெண் இரு அணிகளுக்கும் ஆதரவாளராக வந்தது. உடையில் பெயர் போட்டதோடு நிற்காமல் மைதானங்களும் கட்டியது. டோக்கியோவில் 41 ஆண்டுகளுக்குப் பின் வெண்கலம், 2024 பாரிஸில் மீண்டும் வெண்கலம். மைதானத்தில் கெட்ட பெயர் மைதானத்திலேயே துடைக்கப்பட்டது.

அலுவலகத்துக்குள்? அங்கே 'ஆயுள் தலைவர்', 'ஆயுள் உறுப்பினர்' என்று பதவிகள் வைத்திருந்தார்கள். 2022 மே மாதம் டெல்லி உயர்நீதிமன்றம் அவை சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்த பிறகுதான் வழி திறந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் முன்னாள் அணித்தலைவர் திலீப் திர்க்கி தலைவரானார்.

இதற்கு டெல்லி வரை போக வேண்டுமா? நம் உத்திரமேரூர்க் கோயில் சுவரைப் பாருங்கள். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதக்கூடாது என்கிறது. அவன் உறவினர் பெயரையும் எழுதக்கூடாதாம்! கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவனுக்கும் இடமில்லை. எழுபது வயதைத் தாண்டியவனுக்கும் இல்லை. (நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கே அந்தச் சபை என்பது வேறு கதை.) ஆயிரம் ஆண்டுக்கு முன் நம் ஊரில் கல்லில் வெட்டியதை ஒரு விளையாட்டுச் சங்கத்துக்கு நீதிமன்றம் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது!

இளைஞர்களே! நம் ஊர்ப் போட்டிக்குப் புது ஜெர்ஸி, புதுச் சின்னம், பிளெக்ஸ் என்று நன்கொடைப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறுகிறீர்கள். ஏறுங்கள், தவறில்லை. கூடவே சென்ற ஆண்டின் வரவு செலவையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வியாபாரிகளே, அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுக் கல்லாவைத் திறங்கள்.