மலை ஏற நமக்கு மட்டும் தடையா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

விடுமுறை வந்தால் தம்பிக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம் என்பது எங்கள் வீட்டில் மட்டுமா நடக்கிறது? "எங்கள் வீட்டிலும்தான்" என்று தோழியர் பலர் சொல்வது என் காதில் விழுகிறது.

சென்ற அரையாண்டு விடுமுறையில், எட்டாம் வகுப்பு படிக்கும் என் தம்பி நண்பர்களோடு சைக்கிளில் சமணர் மலைக்குப் புறப்பட்டான். அம்மா அவனிடம் கேட்டது ஒரே கேள்விதான். "எத்தனை மணிக்குடா வருவ?" மறுநாள் நானும் வகுப்புத் தோழியர் மூவரும் அதே மலைக்குப் போக அனுமதி கேட்டோம். யார் யார், எந்த பஸ், துணைக்கு யார், வெயிலில் கறுத்துப் போவாயே என்று பதினைந்து கேள்விகள் வந்தன. அப்பத்தாவும் ஒன்று கேட்டார்கள். "பொம்பளப் பிள்ளைக்கு மலையில என்ன வேலை?" அது கேள்வி அல்ல, தீர்ப்பு.

பள்ளிச் சுற்றுலா என்று கொடைக்கானலுக்கு அழைத்துப் போனால் எந்த வீட்டிலும் மறுப்பு இல்லை. பாதி வழியில் பாட்டு, மீதி வழியில் வாந்தி, ஏரிக்கரையில் ஒரு போட்டோ, திரும்பி வந்துவிடுவோம். அதை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் மதுரையில் பிறந்து, மதுரையிலேயே படித்து, நகரை அடுத்திருக்கும் மலையில் கால் வைக்காமல் பத்தாம் வகுப்பு வரை வந்துவிட்டோமே, இது நியாயமா?

கடைசியில் அழுது, சாப்பிடாமல் இருந்து (இந்த வழியை நான் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை) அம்மாவையே துணைக்கு வரச் சம்மதிக்க வைத்தேன். செலவு என்று சொல்லவும் இடமில்லை. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாதே! காலையில் நாகமலைப் புதுக்கோட்டையில் இறங்கி, கீழக்குயில்குடிக்கு நடந்தோம். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். முதலில் செட்டிப்புடவுக்கு ஏறினோம். குகை வாயிலின் அருகே, பாறையில் பெரிதாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். நீண்ட காதுகளைப் பார்த்து ஊரார் அவரைச் செட்டியார் என்றே நினைத்தார்களாம். அதனால் வந்த பெயராம் அது.

பிறகு மறுபக்கம் பேச்சிப்பள்ளம். அங்கே பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து, பக்கத்தில் சுனை. எல்லாம் ஏறத்தாழ 1,100 ஆண்டுகள் பழைமையானவை. அங்குள்ள கல்வெட்டு ஒன்றைப் பற்றி நான் முன்பே படித்து வைத்திருந்தேன். அச்சணந்தி என்னும் சமண முனிவரின் தாயார் குணமதியார் ஒரு திருமேனியைச் செய்வித்தார் என்பது அதன் செய்தி. அதற்கும் மேலே இடிந்து கிடக்கும் பள்ளிக்கு மாதேவிப் பெரும்பள்ளி என்று பெயர். பாண்டிய அரசியின் பெயரால் அமைந்தது அது. அப்பத்தாவின் தீர்ப்புக்கு இதைவிட நல்ல மேல்முறையீடு எனக்குக் கிடைக்குமா?

இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா பதில் சொல்லவில்லை. சுனைக்குப் பக்கத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமாகி மதுரைக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறதாம். பஸ் ஜன்னல் வழியாக அல்லாமல் இந்த மலையைப் பார்ப்பது அன்றுதானாம். "என்னைய யாரும் கூப்பிடலையே" என்றார்கள். நான் அதுவரை அம்மாவுக்கும் மலை ஏற ஆசை இருக்கும் என்று நினைத்ததே இல்லை. என் அனுமதியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

பெற்றோரின் பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆள் நடமாட்டம் இல்லாத பாறைகள் உண்டு. நாங்கள் போன அன்று சிலர் எங்களைப் பார்த்துச் சினிமாப் பாட்டு பாடத்தான் செய்தார்கள். அம்மா ஒரு முறை திரும்பிப் பார்த்ததும் பாட்டு நின்றுவிட்டது. ஆனால் பாடியவர்கள் அடுத்த விடுமுறையிலும் மலைக்கு வருவார்கள். அதைக் கேட்ட நாங்கள் மட்டும் வீட்டில் இருக்க வேண்டுமா?

யாரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு தடை உண்டு. மலைமேல் கழிப்பறை கிடையாது. அதனால் எங்களில் ஒருத்தி காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்து, பாதிப் படியில் தலைவலி என்று உட்கார்ந்துவிட்டாள். புறப்படும் முன் ஒரு வீட்டில் கூடி, அதிகாலையில் ஏறி, வெயில் ஏறும் முன் இறங்கிவிட்டால் இது பெரிய தொல்லை அல்ல. பெண்கள் சேர்ந்து திட்டமிட்டால் இதையும் கூச்சமின்றிப் பேசிக்கொள்ளலாம்.

அருட்சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும் என் விண்ணப்பம் இதுதான்: ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரே ஒரு நாள். பதினைந்து மாணவிகள், மூன்று அன்னையர், ஓர் ஆசிரியை. பஸ் ஏற்பாடு வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். சமணர் மலைக்குப் பிறகு யானைமலை இருக்கிறது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் இருக்கிறது.

காலாண்டு விடுமுறைக்கு என் அம்மா வருவதாகச் சொல்லிவிட்டார்கள். இன்னும் இரண்டு அன்னையர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் எங்கள் வகுப்புக்கு வரலாம். ரப்பர் செருப்பு மட்டும் வேண்டாம், பாறையில் வழுக்குகிறது.