தடை மட்டும் போதுமா?

2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்பைத் தடை செய்தபோது நான் பள்ளி மாணவன். என் அம்மா வேலை பார்த்த சிவகாசி ஆலை பல வாரங்கள் மூடிக் கிடந்தது. பின்னர் நாகபுரியிலுள்ள சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையம் பசுமைப் பட்டாசுக்கு வழி சொன்னது, ஆலை திறந்தது. தடையோடு மாற்றும் வந்தால்தான் ஏழை பிழைப்பான்.

விலங்கியல் வகுப்பில் முட்தோலிகளைப் பற்றிப் படித்தபோது இதே நினைவு வந்தது. நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவான கடல் அட்டை, மணலை விழுங்கி அதிலுள்ள மட்கிய கழிவை உண்டு, கடல் தரையைத் தூய்மை செய்கிறது. வயலுக்கு மண்புழு எப்படியோ, கடலுக்கு அது அப்படி! நாம் அதை உண்பதில்லை. சீனர்களுக்கோ அது விருந்து. ஆகவே மன்னார் வளைகுடாவில் அள்ளினார்கள். 1982-இல் மூன்று அங்குலத்திற்குக் குறைந்த அட்டையின் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. 2001-இல் முழுத் தடை வந்தது.

தடை தவறன்று. ஆனால் முத்துக்குளித்த மரபில் வந்து, மூழ்கிப் பிழைத்த குடும்பங்களுக்கு என்ன மாற்று? கடத்தல் இன்றும் நிற்கவில்லையே!

1988-இலேயே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வெள்ளை அட்டைக் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்து காட்டியது. அக்குஞ்சுகளைக் கடலில் விட்டு வளர்க்கும் பணியை அக்குடும்பங்களிடமே கூலி கொடுத்து ஒப்படைக்கலாம். அட்டை பெருகியபின், அளவும் பருவமும் வகுத்து உரிமம் வழங்கலாம். காப்பவனுக்கே பங்கு என்றால் அவனே காவலனாவான்!

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவன், விலங்கியல்