கைமாற்றாக ஓர் ஆல்பம்

தென் ஆப்பிரிக்காவில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இளமையைக் கழித்த பலருக்கு ரோட்ரிகஸ் என்ற பாடகரின் பாட்டுகள் மனப்பாடம். அவருடைய ‘கோல்டு ஃபேக்ட்’ ஆல்பம் அங்கே வெள்ளையின இளைஞர்களின் வீடுகளில் பீட்டில்ஸ் தட்டுகளுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் பாடியவர் யார், எந்த ஊர், என்ன வயது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. அட்டையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் ஆள் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார் என்று ஒரு கதை உலவியது. பலர் அதை நம்பினார்கள்.

உண்மையில் அந்த மனிதர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், பழைய வீடுகளை இடித்துப் புதுப்பிக்கும் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம். 1970-ல் முதல் ஆல்பம், 1971-ல் இரண்டாவது. இரண்டுமே அமெரிக்காவில் விலைபோகவில்லை. பிறகு அந்த இசை நிறுவனமே மூடப்பட்டது. அவர் கிட்டாரை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். ஆஸ்திரேலியாவில் அவரைத் தேடிப்பிடித்து 1979-ல் அழைத்துப் பாட வைத்தார்கள். ஆனால் தென் ஆப்பிரிக்காவில் தன் பெயர் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாது.

அந்த ஆல்பம் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது? அமெரிக்காவிலிருந்து காதலனைப் பார்க்க வந்த ஒரு பெண் தன் பெட்டியில் கொண்டுவந்த ஒற்றைத் தட்டுதான் ஆரம்பம் என்று கதை சொல்வார்கள். கதை உண்மையோ பொய்யோ, பரவிய விதம் உண்மை. ஒருவர் கேட்டார், கேசட்டில் பதிவு செய்து இன்னொருவருக்குக் கொடுத்தார். நிறவெறி ஆட்சி நடந்த காலம் அது. அரசு வானொலியில் இருந்த தட்டில் ஒரு குறிப்பிட்ட பாட்டு மட்டும் ஓடாதபடி கூரான பொருளால் கீறி வைத்திருந்தார்கள். வானொலி கைவிட்டதை நண்பர்கள் கைமாற்றிக்கொண்டார்கள்.

தொண்ணூறுகளில் கேப் டவுனைச் சேர்ந்த ஓர் இசை ரசிகரும் ஒரு பத்திரிகையாளரும் ‘இந்த ஆள் எப்படித்தான் செத்தார்?’ என்று தேடக் கிளம்பினார்கள். பாட்டு வரிகளில் வந்த ஊர்ப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1997-ல் விடை கிடைத்தது: ஆள் உயிரோடு இருக்கிறார். அடுத்த ஆண்டே ரோட்ரிகஸ் தென் ஆப்பிரிக்கா வந்து, ஆயிரக்கணக்கானோர் நிறைந்த அரங்குகளில் பாடினார். கூட்டம் ஒவ்வொரு வரியையும் அவரோடு சேர்ந்து பாடியது. இந்தக் கதைதான் ‘சர்ச்சிங் ஃபார் ஷுகர் மேன்’ என்ற ஆவணப்படமாகி, 2013-ல் ஆஸ்கர் விருது வாங்கியது. ரோட்ரிகஸ் 2023 ஆகஸ்டில், 81 வயதில் காலமானார்.

பத்திரம் இல்லை, வட்டி இல்லை

கைமாற்று என்று ஒரு வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. தெரிந்த முகத்தை நம்பிக் கைக்குக் கை போகும் பணம். நல்ல ஆல்பங்கள் பெரும்பாலும் அப்படித்தான் போயிருக்கின்றன. ‘இதைக் கேட்டுப் பாரேன்’ என்று ஒருவர் நீட்டும்போது, கேட்பவர் நம்புவது பாடகரை அல்ல, நீட்டிய ஆளைத்தான்.

தமிழ்நாட்டிலும் எண்பதுகளில் இந்தப் பழக்கம் செழித்தது. பெரிய ஊர், சின்ன ஊர் என்று பார்க்காமல் ஆடியோ ரெக்கார்டிங் கடைகள் இருந்தன. வெள்ளைத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொடுத்து, ‘சிக்ஸ்டி’ கேசட்டா ‘நைன்டி’ கேசட்டா என்று சொல்லிவிட்டு வந்தால், சில நாட்களில் கேசட் தயார். அறுபது என்றால் பக்கத்துக்கு அரை மணி, தொண்ணூறு என்றால் முக்கால் மணி. பக்கத்தின் கடைசியில் இரண்டு மூன்று நிமிடம் மீந்தால், நல்ல கடைக்காரர் தனக்குப் பிடித்த ஏதோ ஒன்றை அதில் சேர்த்துவிடுவார். கேட்காமல் வந்த அந்தப் பாட்டே சிலருக்குப் புதிய கதவைத் திறந்திருக்கிறது.

இப்போது கதவுகளுக்குப் பஞ்சமில்லை. உலகத்தின் இசை முழுக்கச் சட்டைப் பையில் இருக்கிறது. ஆனாலும் பலர் சுற்றிச் சுற்றி அதே நாற்பது பாட்டுகளைத்தான் கேட்கிறார்கள். ஏன்?

செயலி சொல்வதும் சிநேகிதர் சொல்வதும்

பாட்டுச் செயலிகள் பரிந்துரைக்கும் முறை பெரிய ரகசியமில்லை. ஒரு பாட்டை விரும்பியவர்கள் வேறு எவற்றையெல்லாம் கேட்டார்கள் என்று கோடிக்கணக்கானவர்களின் கணக்கைப் பார்க்கிறது. பாட்டின் வேகம், குரல், வாத்தியம் போன்றவற்றையும் ஒப்பிடுகிறது. அதற்கேற்ப அடுத்ததை எடுத்து வைக்கிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாம்பார் கேட்டவருக்கு ரசம் வைப்பது அதன் வேலை. அதை நன்றாகவே செய்கிறது.

சிநேகிதர் செய்வது வேறு. அவர் ஆளைப் பார்த்துக் கொடுக்கிறார். ‘முதல் பத்து நிமிஷம் பொறுமையா இரு’, ‘மூணாவது பாட்டுல இருந்து ஆரம்பி’, ‘ராத்திரி விளக்கை அணைச்சிட்டுக் கேளு’ என்று சொல்கிறார். அறிமுகமில்லாத இசைக்குள் போக இந்த மாதிரி ஒரு கைப்பிடி வேண்டும். அது இல்லாவிட்டால் இருபதாவது விநாடியில் விரல் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும்.

ஆல்பம் என்று வரும்போது இது இன்னும் முக்கியம். ‘ஆல்பம்’ என்ற சொல்லே ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. பழைய கிராமபோன் தட்டில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் பிடிக்கும். அதனால் ஒரு நீண்ட இசையைப் பல தட்டுகளில் பதிந்து, போட்டோ ஆல்பம் போலக் கட்டிய அட்டைப் புத்தகத்தில் செருகி விற்றார்கள். 1948-ல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தபோது, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பிடித்தது. புத்தகம் போனது, பெயர் நின்றது. கலைஞர்களும் அந்த நாற்பது நிமிடத்தை ஒரே விருந்தாக நினைத்து, எதை முதலில் வைப்பது, எதை முடிவில் வைப்பது என்று யோசித்துப் பரிமாறத் தொடங்கினார்கள். இலையில் ஒரு கூட்டை மட்டும் தொட்டுவிட்டு எழுந்தால் விருந்து சாப்பிட்ட கணக்கு ஆகாது.

தெரிந்த வாசலிலிருந்து தெரியாத வீட்டுக்கு

நல்ல ரசிகர்கள் ஆல்பத்தைக் கைமாற்றும்போது ஒரு தந்திரம் செய்வார்கள். எதிரே இருப்பவருக்கு ஏற்கெனவே பிடித்த ஒன்றிலிருந்து பாலம் போடுவார்கள். சில பாலங்கள் இங்கே.

கர்நாடக சங்கீதம் கேட்கும் வீட்டில் ஜாஸை அறிமுகம் செய்ய வேண்டுமா? மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. 1959-ல் நியூயார்க்கில் இரண்டே நாள் பதிவில் முடிந்த ஆல்பம். டேவிஸ் கலைஞர்களிடம் முழு இசைக் குறிப்பு கொடுக்கவில்லை. இன்ன ஸ்வரங்கள் என்று கோடு மட்டும் போட்டுக் காட்டினார். அவர்கள் அதற்குள் நின்று நிதானமாக விரித்தார்கள். முதல் உருப்படியான ‘ஸோ வாட்’ எடுத்துக்கொள்ளும் ஸ்வரங்கள் கரகரப்பிரியாவின் ஸ்வரங்களேதான். நடுவில் சில விநாடிகள் அரை ஸ்வரம் மேலே ஏறி, மறுபடி வீட்டுக்கு இறங்கும். கமகம் இருக்காது, அதனால் ராகம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆலாபனை கேட்டுப் பழகிய காது அந்த இடத்தில் தலையாட்டும்.

இந்துஸ்தானி என்றால் தூக்கம் வரும் என்பவருக்கு ‘கால் ஆஃப் த வேலி’, 1967. சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிட்டார். காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாள்தான் கதை. விடியலில் தொடங்கி இரவு வரை, அந்தந்தப் பொழுதின் ராகமாகப் போகும். அதில் வரும் பூப், தமிழ்நாட்டுக் காதுக்கு மோகனமாகக் கேட்கும். அங்கிருந்து மற்றவை எளிது.

இளையராஜாவைத் தாண்டி வர மறுக்கும் அண்ணன்களுக்கு இளையராஜாவே பாலம். 1986-ல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தை அவர் தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக்குக்கும் சமர்ப்பித்தார். அதில் ஓர் உருப்படியில் பாக்கின் தனி வயலின் இசை ஒன்று அப்படியே வரும், இளையராஜாவின் இசை அதைச் சுற்றி வரும். அதைக் கேட்டபின் பாக்கின் மூலத்தைத் தேடிக் கேட்டால், அந்நியர் வீடாகத் தெரியாது.

சித்ரவீணையின் வழுக்கல் பிடித்தவர்களுக்கு ‘எ மீட்டிங் பை த ரிவர்’. ஜெய்ப்பூரின் விஷ்வ மோகன் பட்டும் அமெரிக்காவின் ரை கூடரும் முதன்முதலாகச் சந்தித்துச் சுமார் அரை மணி நேரத்தில், ஒரு தேவாலயத்தில் உட்கார்ந்து வாசித்தது. கம்பிமேல் வழுக்கி வாசிக்கும் இருவர். நான்கே உருப்படிகள். 1994-ல் கிராமி விருது பெற்றது.

வீட்டுப் பெரியவர்களோடு சேர்ந்து கேட்க ‘புவேனா விஸ்டா சோஷியல் கிளப்’. 1996-ல் கியூபாவின் ஹவானா நகரில் ஆறு நாளில் பதிவானது. அதில் பாடிய கம்பாய் செகுண்டோவுக்கு அப்போது 88 வயது. பியானோ வாசித்த ரூபன் கொன்சாலஸுக்கு 76, சொந்தமாகப் பியானோ இல்லை. இப்ராஹிம் ஃபெரெர் பாடுவதை விட்டுவிட்டுச் செருப்புக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தவர். மறக்கப்பட்ட இந்தத் தாத்தாக்களின் ஆல்பம் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் விற்றது. ஸ்பானிய மொழி ஒரு சொல் தெரியாவிட்டாலும் அந்தக் குரல்களில் இருக்கும் குறும்பு புரிந்துவிடும்.

கொடுப்பதிலும் ஒரு பக்குவம்

ஒரே நேரத்தில் பத்து இணைப்புகளை அனுப்புபவரின் பரிந்துரையை யாரும் கேட்பதில்லை. ஒன்று போதும். அதோடு இரண்டு வரி: ஏன் பிடித்தது, எங்கே தொடங்க வேண்டும். ‘சூப்பர், கேட்டே ஆகணும்’ என்பதைவிட ‘மழை நாளில் பஸ் ஜன்னலோரம் கேட்டேன், அந்தப் புல்லாங்குழல் ரெண்டு நாள் கூடவே வந்தது’ என்பது ஆளை இழுக்கும்.

பிடிக்கவில்லை என்று பதில் வந்தால் சண்டைக்குப் போகக் கூடாது. ‘உனக்கு ரசனையே இல்லை’ என்ற ஒரு வாக்கியத்தால் நின்றுபோன நல்ல உரையாடல்கள் ஏராளம். இசை ரசிகர்களின் கூட்டங்களில் புதிதாக வருபவரை விரட்டுவது பெரும்பாலும் இசை அல்ல, இந்தத் தோரணைதான். பழைய சினிமாப் பாட்டு மட்டுமே கேட்கும் அத்தைக்கும், கொரிய பாப் மட்டுமே கேட்கும் பேத்திக்கும் ஆளுக்கொரு காது இருக்கிறது. பாலம் எங்கே போடலாம் என்பதுதான் கேள்வி.

வாங்கிக்கொள்பவருக்கும் ஒரு கடமை உண்டு. புது இசையை ஒரே முறை கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது. முதல் தடவை காது வழி தேடும். இரண்டாவது தடவைதான் ஊரைப் பார்க்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. தென் ஆப்பிரிக்காவில் அத்தனை வீடுகளில் ஒலித்த தன் தட்டுகளிலிருந்து அந்தக் காலத்தில் ஒரு காசும் தனக்கு வரவில்லை என்றே ரோட்ரிகஸ் சொன்னார். ரசிகர்களின் அன்பு நிஜம். ஆனால் அந்த அன்பு டெட்ராய்டில் அவர் வீட்டுச் செலவுக்கு உதவவில்லை. இன்றும் ஒரு பாட்டை ஒரு முறை கேட்டால் கலைஞருக்குப் போய்ச் சேருவது மிகச் சிறு தொகை. அதனால் ஓர் ஆல்பம் மனதில் தங்கிவிட்டால் அதைக் காசு கொடுத்து வாங்குவது, அந்தக் கலைஞர் ஊருக்கு வந்தால் டிக்கெட் எடுத்துப் போவது, குறைந்தது பெயரைச் சரியாகச் சொல்லிக் கைமாற்றுவது என்று ஏதாவது ஒன்றைச் செய்யலாம். வாசித்தவர் பெயர் தெரியாமல் பரவும் இசை, முகவரி இல்லாத கடிதம் மாதிரி. அன்பு போகும், ஆளிடம் போய்ச் சேராது.

கைமாற்று வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஆல்பத்துக்கும் அதுதான். மகள் அனுப்பியதைக் கேட்டுவிட்டு அப்பா வெறும் கட்டைவிரல் படத்தோடு நிறுத்திக்கொண்டால் கணக்கு அத்தோடு முடிந்துவிடும். ‘நாலாவதில் அந்த வயலின் வந்த இடம் நல்லா இருந்துச்சும்மா, ஆனா டிரம்ஸ் கொஞ்சம் அதிகம்’ என்று எழுதினால் அடுத்த ஆல்பம் நிச்சயம் வரும். அதற்குப் பதிலாக, தன் பழைய கேசட் பெட்டியிலிருந்து ஒன்றின் பெயரை அவர் அவளுக்கு எழுதி அனுப்பலாம்.